கேளுங்க சொல்றேன்: பரண்ல கிடக்குற ஜெர்மன் பட்டாளத்து சாமான்

போன இதழ்ல நான் இருபத்தஞ்சு வருஷமா சேர்த்துட்டு வர்ற ஜெர்மன் பட்டாளத்து சாமான் பத்தி எழுதியிருந்தேன். துப்பாக்கி வகையறா இல்ல, ரெண்டு உலகப்போர்லயும் அவங்க சிப்பாய் இடுப்புலயும் முதுகுலயும் கட்டிட்டுப் போன சோத்து டப்பா, தண்ணி பாட்டில், பெல்ட், பை, கூடாரத் துணி, அதுமாதிரி. ஊர்ல எல்லாரும் வெண்கலப் பானையும் தஞ்சாவூர் படமும் சேர்க்கறப்ப இவன் என்னடா ஜெர்மன்காரன் சோத்து டப்பாவை சேர்க்கறான்னு கேட்க ஆளில்லாம கிடந்த விஷயம் இது, ஆனா டெல்டா பக்கத்துலேர்ந்தே இத்தனை கடிதம் வந்திருக்கு. சந்தோஷம்னு சொன்னா போதாது. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

கேள்வி: ஐயா, எங்க தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ்ல (பாலம் போடறது, கண்ணிவெடி எடுக்கறது மாதிரி வேலை பார்க்கற பட்டாளப் பிரிவு) இருந்து ரெண்டாவது போருக்குப் போயிட்டு வந்தவர். பொங்கலுக்கு பரண் இறக்கினப்ப அவரோட தகரப்பெட்டியில ஒரு அலுமினிய தூக்கு மாதிரி ஒண்ணு கிடைச்சுது, வட்டமா இல்ல, மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு பக்கம் உள்ள வாங்கியிருக்கு. மேல பச்சை பெயிண்ட் பாதி போயிருக்கு, மூடியோட கைப்பிடியில ஏதோ எழுத்தும் 41ன்னும் அடிச்சிருக்கு. உடம்புல ஆணியால கீறின மாதிரி இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து, அதுக்குக் கீழ தமிழ்ல 'மு'. மாமியார் புளி போட்டு விளக்கி வைக்கலாம்ங்கறாங்க, வீட்டுக்காரர் பாத்திரக்கடையில போட்டா நூத்தம்பது ரூபா தேறும்ங்கறார். இது ஜெர்மன் சாமானா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: அம்மா, முதல்ல அந்தப் புளியை எடுத்து உள்ள வச்சிருங்க, மாமியார்கிட்ட நான் கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லுங்க. நீங்க சொல்ற அடையாளத்தைப் பார்த்தா அது ஜெர்மன் சிப்பாயோட சோத்து டப்பா, அவங்க பாஷையில கோஹ்கெஷிர்னு பேரு, 1931 மாடல். அடிப்பாத்திரம் 1.7 லிட்டர் பிடிக்கும், அதுல கஞ்சியோ சூப்போ வாங்கிக்குவான், மூடியைத் திருப்பினா அதுவே தட்டு, அதுக்கு மடக்கற கைப்பிடி இருக்கறதால அடுப்புல வச்சு வறுக்கவும் செய்யலாம். ஒரு பக்கம் உள்வாங்கி இருக்கறது உடம்போட ஒட்டி நிக்கறதுக்கும், நடக்கறப்ப ஆடாம இருக்கறதுக்கும். 41ங்கறது செஞ்ச வருஷம், பக்கத்துல இருக்கறது கம்பெனி முத்திரை.

இதே வடிவத்துல ரஷ்யாக்காரனும் வச்சிருந்தான், போருக்கு அப்புறம் கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி ரெண்டு பட்டாளமும் செஞ்சுது, அதையெல்லாம் 'உலகப்போர் டப்பா'ன்னு சொல்லி விக்கறவங்க நிறைய பேர். வடிவத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, வருஷ முத்திரையைத்தான் பார்க்கணும். உங்களுடையதுல 41ன்னு இருக்கு, தாத்தாவும் சாப்பர்ஸ். மெட்ராஸ் சாப்பர்ஸோட 12ஆவது ஃபீல்ட் கம்பெனி நாலாவது இந்திய டிவிஷனோட சேர்ந்து வட ஆப்பிரிக்கா பாலைவனத்துல சண்டை போட்டுது, அப்புறம் இத்தாலியில கஸ்ஸினோ வரைக்கும் போச்சு. 1943 மே மாசம் துனிசியாவுல ஜெர்மன், இத்தாலி பட்டாளம் ரெண்டு லட்சத்துக்கும் மேல சரணடைஞ்சுது, ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைஞ்சதே நம்ம நாலாவது இந்திய டிவிஷன்கிட்டதான். அவ்ளோ பேர் கையைத் தூக்கிட்டு நடந்தா தரையெல்லாம் சாமான் கிடக்கும், நம்ம ஆளுங்க நல்லதா பார்த்து ஒண்ணை எடுத்துக்கிட்டாங்க. உங்க தாத்தா அந்தக் கம்பெனியிலதான் இருந்தாரான்னு நீங்கதான் பார்க்கணும். மெடல் எதாவது இருந்தா ஓரத்துலயும் பின்பக்கமும் லென்ஸ் வச்சுப் பாருங்க, இந்திய சிப்பாய்களுக்குக் கொடுத்ததுல பேரும் நம்பரும் பொறிச்சிருக்கறது உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தா இன்னும் நல்லது. அந்த நம்பரை வச்சு பெங்களூர்ல சாப்பர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம், அங்க அவங்களுக்குன்னு மியூசியமே இருக்கு.

இப்ப அந்தக் கீறல். மேல இருக்கற ரெண்டு எழுத்து அனேகமா அந்த ஜெர்மன் சிப்பாயோட இனிஷியல், ஒரே மாதிரி டப்பா நூறு இருக்கற இடத்துல எது தன்னுதுன்னு தெரியறதுக்கு எல்லாருமே அப்படிக் கீறி வச்சுக்குவாங்க. கீழ இருக்கற 'மு' உங்க தாத்தா. இருபத்தஞ்சு வருஷத்துல நான் எத்தனையோ டப்பா பார்த்துட்டேன், தமிழ் எழுத்து இருக்கற ஒண்ணு என் கண்ணுல பட்டதே இல்ல, படிச்சப்ப கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழ வைக்க முடியல. புளி அலுமினியத்தை அரிக்கும், பெயிண்ட் போகும், கீறல் மழுங்கும், முத்திரை மங்கும், பளபளன்னு ஒரு பாத்திரம் மட்டும் மிஞ்சும், அதுக்கு அந்த நூத்தம்பது ரூபாதான். நான் முதல்ல வாங்கின தண்ணி பாட்டிலோட கப்பை அறியாம சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேச்சு அதுல இருந்த வருஷத்தையே அழிச்சேன், இன்னைக்கும் அதைப் பார்த்தா வயித்தெரிச்சல்தான். வெறும் தண்ணியில மெல்லிசு துணியால துடைச்சு, நிழல்ல காய வச்சு, பழைய பருத்தி வேட்டியில சுத்தி வைங்க. அதுல சமைக்க வேண்டாம்.

இன்னொண்ணும் பண்ணுங்க. ஒரு பேப்பர்ல தாத்தா பேரு, பட்டாள நம்பர், எந்த வருஷம் ஊருக்கு வந்தார், இந்த டப்பாவைப் பத்தி வீட்ல யார் என்ன சொல்லிக் கேட்டிருக்கீங்க, எல்லாத்தையும் எழுதி தேதி போட்டு டப்பாவோடயே வைங்க. சேகரிக்கறவங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு, பொருளைப் பார்த்து வாங்கு கதையைக் கேட்டு வாங்காதேன்னு. அது கடைக்கு சரி. உங்க வீட்டுப் பரண்ல கிடைச்சதுக்கு நேர் எதிர். கதை போச்சுன்னா அது வெறும் அலுமினியம்.

கேள்வி: பம்புசெட்டுக்கு டீசல் வாங்கப் போற எங்க பழைய இரும்பு கேன்ல மூணு கைப்பிடி இருக்கு, பக்கவாட்டுல எக்ஸ் மாதிரி அழுத்தம், கீழ ஏதோ புரியாத எழுத்து. ஜெர்மன்ங்கறாங்க. உண்மையா? (திருவாரூர் பக்கத்து விவசாயி)

பதில்: மூணு கைப்பிடி இருக்கறதால மட்டும் ஜெர்மன்னு சொல்ல முடியாதுங்க, ஏன்னா உலகம் பூராவும் அந்த கேனைக் காப்பி அடிச்சுட்டாங்க, நம்ம ராணுவத்துலயும் அதேதான் ஓடுது. ஆனா மூலம் ஜெர்மனிதான். 1937ல ஒரு ஜெர்மன் இன்ஜினியர் வரைஞ்சது, 20 லிட்டர். பிரிட்டிஷ்காரன் அப்ப பாலைவனத்துல பெட்ரோல் கொண்டு போனது மெல்லிசு தகர டின்ல, அது ஒழுகி ஒழுகியே பாதி மண்ணுக்குப் போச்சு. ஜெர்மன் கேன் கையில சிக்கினப்ப விடவே இல்ல, அப்படியே காப்பி அடிச்சு அவனும் செஞ்சான். ஜெர்மன்காரனை 'ஜெர்ரி'ன்னு கூப்பிடுவான், அதான் ஜெர்ரிகேன். மூணு கைப்பிடி எதுக்குன்னா, நிறைஞ்ச கேனை ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கலாம், காலி கேனா இருந்தா ஒருத்தனே ஒரு கைக்கு ரெண்டு எடுத்துட்டுப் போகலாம். மூடியைத் திறக்க ஸ்பேனர் வேணாம், நெம்புகோல் மாதிரி ஒரே தட்டு. உள்ள கொஞ்சம் காத்து நிக்கற மாதிரி அமைப்பு, அதனால பெட்ரோல் நிறைஞ்சிருந்தாலும் தண்ணியில மிதக்கும்.

உங்களுடையதைக் கழுவிட்டு பக்கவாட்டு எழுத்தை வெளிச்சத்துல சாய்ச்சு வச்சுப் பாருங்க. 'வேர்மாஹ்ட்', 'கிராஃப்ட்ஷ்டாஃப் 20 எல்', 'ஃபாயர்கெஃபேர்லிஹ்'னு படிக்கற மாதிரி எழுத்தும் 1940 வாக்குல வருஷமும் உலோகத்துலயே புடைச்சிருந்தா அது அசல், அர்த்தம் முறையே ராணுவம், எரிபொருள், தீப்பிடிக்கும். அப்படி இருந்துச்சுன்னா டீசலுக்கு ஒரு பிளாஸ்டிக் கேன் வாங்கிக்கங்க, இதுக்கு ஓய்வு கொடுங்க. எண்ணெய் இருந்த கேனை எக்காரணம் கொண்டும் வெல்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, காலியா இருந்தாலும் உள்ள இருக்கற ஆவி வெடிக்கும்.

கேள்வி: நீல எனாமல் பூசின தண்ணி பாட்டில், காக்கி கம்பளித் துணி ஒட்டியிருக்கு, கார்க் மூடி கயித்துல தொங்குது. (வாசகர், பாபநாசம்)

பதில்: பிரிட்டிஷ் மாடல். எங்கயாவது பிரிட்டிஷ் அரசாங்க முத்திரையான அம்பு குறி இருக்கும், தேடிப் பாருங்க. ஜெர்மன் பாட்டில் அலுமினியம், 0.8 லிட்டர், பழுப்பு கம்பளி உறை, தலையில கறுப்பு கப் கவுத்து வாரால கட்டியிருக்கும், போர் முத்தின பிறகு அலுமினியம் தட்டுப்பாடு வந்து அவங்களும் இரும்புல எனாமல் பூசினாங்க. ஆப்பிரிக்காவுக்குன்னு செஞ்ச பாட்டில்ல கம்பளிக்குப் பதிலா பிசின் ஏத்தின மரத்தகடு சுத்தியிருக்கும், பார்க்க நம்ம கொட்டாங்குச்சி நிறத்துல இருக்கறதால சேகரிக்கறவங்க அதைத் தேங்காய் பாட்டில்னே கூப்பிடறாங்க. ஆனா ஐயா, பிரிட்டிஷ்னு சொன்னேன்னு தூக்கிப் போட்டுராதீங்க, நம்ம ஆளு குடிச்சது அதுலதான்.

கேள்வி: என் பாட்டனார் நாகப்பட்டினத்துல கப்பலேறி பினாங்கு போய் கடை வச்சிருந்தவர், 1950ல திரும்பினார். அவர் கொண்டுவந்த பைனாகுலர்ல 'டீன்ஸ்ட்கிளாஸ் 6 x 30'ன்னும் 'பி.எல்.சி.'ன்னும் இங்கிலீஷ் எழுத்துல இருக்கு. ஜெர்மன் நீர்மூழ்கிக்காரங்ககிட்ட வாங்கினதுன்னு வீட்ல சொல்வாங்க. பினாங்குல ஏது ஜெர்மன்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: பினாங்குல ஜெர்மன் இருந்தான் சார், சரியாவே இருந்தான். ஜப்பான்காரன் கையில மலாயா இருந்தப்ப 1943லேர்ந்து ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு பினாங்குதான் தளம், மான்சூன் குழுன்னே அதுக்குப் பேரு, நம்ம பருவமழைதான் அந்தப் பேர்ல இருக்கு. அதே வருஷம் பிப்ரவரியில நேதாஜி கீல் துறைமுகத்துல ஏறினதும் ஜெர்மன் நீர்மூழ்கியிலதான், யூ-180, மடகாஸ்கர் பக்கத்துல நடுக்கடல்ல ஜப்பான் நீர்மூழ்கிக்கு மாறினார். அதனால வீட்டுக் கதை நடக்கவே முடியாததுன்னு நான் சொல்ல மாட்டேன்.

பி.எல்.சி.ங்கறது யேனா ஊர் கார்ல் சைஸ் கம்பெனியோட ரகசிய எழுத்து. எந்தத் தொழிற்சாலைன்னு எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு பேரை எடுத்துட்டு மூணு எழுத்து அடிச்சாங்க, பி.இ.எச்.னா லைட்ஸ், டி.டி.எக்ஸ்.னா ஃபோய்க்ட்லேண்டர். அசல் சாமான், நல்ல சாமான். ஆனா ஒரு உறுத்தல், 6 x 30 (ஆறு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 30 மில்லிமீட்டர்) தரைப்படைக்காரன் கழுத்துல தொங்கறது, கப்பல்ல காவல் பார்க்கறவன் பெரும்பாலும் 7 x 50தான் வச்சிருப்பான், ராத்திரியில வெளிச்சம் அதிகம் வாங்கும். 1945க்கு அப்புறம் திரும்பி வந்த பிரிட்டிஷ் சிப்பாய் எவனாவது ஐரோப்பாவுல எடுத்ததை பினாங்குல வித்திருக்கலாம், உங்க பாட்டனார் கடை வச்சிருந்தவர்தானே. ரெண்டையும் எழுதி வைங்க, வீட்டுக் கதைன்னு ஒண்ணு, என் சந்தேகம்னு ஒண்ணு.

கடலோர ஊர், லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள்ள போட்டு பீரோவுல பூட்டாதீங்க, உறை ஈரத்தை இழுக்கும். காத்துப் போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு தனியா வைங்க, நீங்களா திருகாணி கழட்டிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: கஜா புயல்ல ஓடு பறந்து பெட்டி நனைஞ்சுது, கொள்ளுத்தாத்தாவோட தோல் பெல்ட் பூசணம் பூத்து கிடக்கு. பக்கிள்ல கிரீடமும் சுத்தி ஏதோ எழுத்தும். தேங்காய் எண்ணெய் தடவலாமா? (வாசகி, வேதாரண்யம்)

பதில்: தடவாதீங்கம்மா. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை அடைமழையில எண்ணெய் போட்ட தோல்ல பூஞ்சை இன்னும் செழிப்பா வளரும், தோலும் கறுத்துக் கொழகொழன்னு ஆயிரும். மூக்குல துணி கட்டிட்டு, வாசல்ல வச்சு, மெல்லிசு பிரஷ்ஷால பூசணத்தைத் தட்டி விடுங்க, வெயில் படாத இடத்துல நாலஞ்சு நாள் காத்தாட விடுங்க, வளைக்காம நீட்டமா வைங்க. பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. பூச்சிக்கு வசம்பைத் துணியில முடிஞ்சு பக்கத்துல வச்சா போதும்.

எழுத்து 'காட் மிட் உன்ஸ்' ஆ இருக்கும், கடவுள் நம்மோடன்னு அர்த்தம். கிரீடம் இருந்தா முதல் போர், பிரஷ்ய பட்டாளம். ரெண்டாவது போர்ல அதே வாசகம், ஆனா கிரீடத்துக்குப் பதிலா கழுகு. முதல் போர்ல நம்ம பக்கத்து ஆளுங்க ஜெர்மானியரை நேருக்கு நேர் பார்த்த ஒரு இடம் கிழக்கு ஆப்பிரிக்கா, 1914 நவம்பர்ல டாங்கா துறைமுகத்துல இறங்கின படையில பாளையங்கோட்டை பேர்ல இருந்த 63ஆவது ரெஜிமென்டே இருந்துச்சு, அங்க நம்ம பக்கத்துக்குப் பெரிய தோல்வி. கொள்ளுத்தாத்தா எந்தப் பக்கம் போனார்னு யாருக்காவது நினைவிருக்கான்னு விசாரிங்க. முக்கியமா ஒண்ணு, நூறு வருஷம் தாண்டின சரித்திரப் பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வந்துரும், வெளிநாட்டுக்காரர் யாராவது நல்ல விலை சொல்லி பார்சல்ல அனுப்பச் சொன்னா அனுப்பக்கூடாது.

கேள்வி: அண்ணே, ஆன்லைன்ல பதினெட்டாயிரம் கொடுத்து ஜெர்மன் ஹெல்மெட் வாங்கினேன், எம் 42ன்னு சொன்னாங்க, ரெண்டு பக்கமும் ஸ்டிக்கர் பளிச்சுன்னு இருக்கு, ஒரு பக்கம் கழுகு, ஒரு பக்கம் மூணு கலர் கேடயம். ஒரிஜினலா? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: தம்பி, மனசைத் தேத்திக்கோ. மூணு கலர் கேடயத்தை 1940லயே நிறுத்திட்டாங்க, கழுகையும் 1943ல நிறுத்தினாங்க, எம் 42 வந்ததே 1942ல. தரைப்படை எம் 42ல ரெண்டு பக்கமும் ஸ்டிக்கர்னா ரொம்ப சந்தேகப்படணும். விளிம்பைத் தடவிப் பாரு, எம் 35லயும் எம் 40லயும் உள்பக்கமா மடிச்சிருக்கும், எம் 42ல மடிக்காம வெட்டி விட்டிருப்பாங்க, வேலை மிச்சம். காத்து ஓட்டையைப் பாரு, எம் 35ல தனியா ஒரு வளையம் செருகியிருப்பாங்க, அப்புறம் வந்ததுல தகட்டுலயே அழுத்தினது. உள்ள தோல் எட்டு நாக்கா பிரிஞ்சு மேல கயிறு கோத்திருக்கணும், மூணு பின் பிடிச்சிருக்கணும். ஓரத்துல கம்பெனி எழுத்தும் சைஸ் நம்பரும் தகட்டுல அடிச்சிருக்கணும், இ.டி. 64 மாதிரி. முத்திரை எங்கயுமே இல்ல, தோல் புதுசா வாசனை அடிக்குதுன்னா அது சினிமாவுக்கும் நாடகத்துக்கும் செய்ற காப்பி, நம்ம நாட்லயே செய்றாங்க.

உன் காசு போனதுல எனக்கும் வருத்தம்தான், நானும் ஆரம்பத்துல இப்படி ஏமாந்தவன். ஹெல்மெட்ல ஆரம்பிக்கவே கூடாது, போலி அதிகம் புழங்கறது அதுலயும் பேட்ஜ்லயும்தான். சோத்து டப்பா, பை, கூடாரத் துணி, எஸ்பிட் அடுப்பு இதுல ஆரம்பி. அந்த அடுப்பு 1936ல வந்தது, உள்ளங்கை அளவு தகரப் பெட்டி, விரிச்சா அடுப்பு, மடிச்சா வெள்ளை எரிபொருள் வில்லை வைக்கற டப்பா. கூடாரத் துணி முக்கோணமா இருக்கும், ஒரு ஆளுக்கு ஒண்ணு, மழையில போர்வையா போட்டுக்குவான், நாலு பேர் நாலு துணியைப் பொத்தான் போட்டுச் சேர்த்தா நாலு பேர் படுக்கற கூடாரம். அதைக் கையில வச்சுப் பார்த்தாதான் அந்தப் பட்டாளம் எப்படி யோசிச்சுதுன்னு புரியும், ஹெல்மெட்ல அது தெரியாது. கேஸ் மாஸ்க் கிடைச்சா மட்டும் மூஞ்சில மாட்டாதே, அந்தக் காலத்து ஃபில்டர் பலதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு. பயனெட்டும் (துப்பாக்கி முனையில மாட்டற கத்தி) வேண்டாம், ஆயுதச் சட்ட விதிகள்ல அது பேர் சொல்லியே இருக்கு.

கேள்வி: தோப்புல குழி வெட்டினப்ப கூம்பு மாதிரி துருப்பிடிச்ச இரும்பு, முழங்கை நீளம், நல்ல கனம். எம்டன் குண்டா இருக்குமா? கழுவி வைக்கலாமா? (வாசகர், தரங்கம்பாடி)

பதில்: தொடாதீங்க. இதைப் படிச்ச உடனே போலீஸுக்கு போன் பண்ணுங்க, பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க, தண்ணி ஊத்த வேண்டாம், தட்டிப் பார்க்க வேண்டாம். எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சுட்டது மெட்ராஸை, பர்மா ஆயில் கம்பெனி டேங்க்தான் எரிஞ்சுது, அதோட குண்டு பார்க்கணும்னா எழும்பூர் மியூசியத்துல இருக்கு. உங்க தோப்புல இருக்கறது என்னன்னு ஆள் வந்து சொல்ற வரைக்கும் அது உயிரோட இருக்கற குண்டுதான்.

கேள்வி: சார், என் பையன் உங்க கட்டுரையைப் படிச்சுட்டு ஜெர்மன் சாமான் சேர்க்க ஆசைப்படறான். ஸ்வஸ்திக் போட்ட பக்கிள் ஒண்ணு வாங்கிட்டான், ஹால் ஷோகேஸ்ல வைக்கணுமாம். அதான் நம்ம கோலத்துலயே இருக்கேங்கறான், ஹிட்லர் மாதிரி ஒருத்தர் இருந்தாதான் நாடு உருப்படும்னும் பேசறான். எனக்கு பயமா இருக்கு. (ஒரு தகப்பனார், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, நீங்க பயப்படறது நியாயம், இதை நான் போன இதழ்லயே எழுதியிருக்கணும், எழுதாம விட்டது என் தப்பு. பையன்கிட்ட இந்தப் பக்கத்தைக் கொடுங்க.

தம்பி, நம்ம வீட்டு வாசல்ல இருக்கறது சுபத்துக்குப் போடறது. அந்த பக்கிள்ல இருக்கற குறியை ஏத்துக்கிட்டு அந்த ஆட்சி கிட்டத்தட்ட அறுபது லட்சம் யூதர்களைக் கொன்னுச்சு, குழந்தைங்க உட்பட. ரோமா மக்களை, ஊனமுற்றவங்களைக் கொன்னுச்சு. ஜெர்மனியிலயே இன்னைக்கு அந்தக் குறியைப் பொதுவுல காட்டினா சட்டப்படி குத்தம், ஆராய்ச்சி, பாடம், கலை மாதிரி சிலதுக்கு மட்டும்தான் விலக்கு. நான் அந்தக் குறி இருக்கற சாமானை வெளிய வைக்கறதில்ல, என்கிட்ட இருக்கற ரெண்டும் பெட்டிக்குள்ள, சீட்டு ஒட்டி, யாராவது படிக்கணும்னு கேட்டா மட்டும் எடுப்பேன். ஷோகேஸ்ல வச்சா அது படிப்பு இல்ல, மரியாதை.

அந்த மரியாதையை யாருக்குக் கொடுக்கறதுன்னு கேட்டா நான் ஒருத்தரைச் சொல்றேன். சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்து ஆளு, மெட்ராஸ் சாப்பர்ஸ், இந்தப் பக்கத்துல முதல் கடிதம் எழுதின அம்மாவோட தாத்தா இருந்த அதே படைப்பிரிவு. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில மின்யானோங்கற இடத்துல கண்ணிவெடி எடுத்துட்டு இருந்தாங்க. ஜெர்மன்காரன் புதைச்ச ஒரு வகை வெடி உண்டு, மிதிச்சா உடனே வெடிக்காது, இடுப்பு உயரத்துக்கு எகிறி, அப்புறம்தான் வெடிச்சு சுத்தி இருக்கற எல்லார் மேலயும் இரும்புத் துண்டைத் தெளிக்கும். அங்க ஒரு வெடி கிளம்பிருச்சு, நொடி கணக்குல நேரம், அவர் பக்கத்துல இருந்தவங்களைக் காப்பாத்த அது மேல விழுந்து படுத்தார். வீரத்துக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுக்கற பெரிய விருதான ஜார்ஜ் கிராஸ் அவர் செத்த பிறகு கொடுத்தாங்க.

என் பெட்டியில ஜெர்மன் சாமானுக்கெல்லாம் மேல முதல் அட்டையா அவர் பேரும் அந்தத் தேதியும்தான் எழுதி வச்சிருக்கேன். பையனை ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க, பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் காட்டறேன், அந்த பக்கிளையும் கையோட எடுத்துட்டு வரட்டும்.